ஐம்பது நாள் கோடு

1

இந்த ஊரில் மஞ்சள் உறையில் கடிதம் வந்தால் என் மனைவி முதலில் நாற்காலியில் உட்காருவாள், பிறகுதான் பிரிப்பாள். மஞ்சள் என்றால் நீதிமன்றம், அபராதம், கெடு தேதி. போன மாதம் வந்தது வெள்ளை உறை. நின்றபடியே பிரித்தாள், இரண்டு வரி பார்த்தாள், மகளிடம் நீட்டினாள். எங்கள் வீட்டில் அரசாங்கத்தோடு பேசுகிற பொறுப்பு மதியுடையது. பதினாறு வயது. ஏழு வயதிலிருந்து எங்கள் விசாக் கடிதங்களையும் வாடகை ஒப்பந்தங்களையும் வாசித்து வளர்ந்தவள். ஜெர்மன் மொழியில் அவள் குரல் ஒரு படி கீழே இறங்கிப் பெரியவள் குரலாகிவிடும். தமிழில் இன்னும் குழந்தைதான். அவளுடைய தமிழ் அந்த ஏழு வயதோடு நின்றுவிட்டது.

"ஒண்ணும் இல்லப்பா. நம்ம வீட்டுத் தண்ணி எங்க போகுதுன்னு பாக்க வராங்க."

"எந்தத் தண்ணி?"

"எல்லாம். டாய்லெட், குளிக்கிறது, மழை. மழைத் தண்ணி தனியா போகணும், அழுக்குத் தண்ணி தனியா போகணும். ரெண்டும் எங்கயாவது கலக்குதான்னு செக் பண்ணுவாங்க."

நான் டீ குடித்த கோப்பையைக் கழுவிக்கொண்டிருந்தேன். கழுவியதையே மறுபடி கழுவினேன்.

நாங்கள் இருப்பது தென் ஜெர்மனியில் ஒரு சிற்றூர். ஊருக்குப் பின்னால், காட்டோரம் ஒரு கிணறு. நம் ஊர்போல எட்டிப் பார்க்கிற கிணறு இல்லை. வேலி போட்ட புல்வெளி, நடுவில் பூட்டிய சின்னக் கட்டடம், அவ்வளவுதான். ஊர் முழுவதும் குடிப்பது அதிலிருந்து. அதைச் சுற்றிச் சட்டம் மூன்று வளையம் போட்டிருக்கிறது. முதல் வளையம் அந்த வேலி. தண்ணீர்த் துறை ஆட்கள் தவிர யாரும் உள்ளே கால் வைக்கக் கூடாது. மூன்றாவது வளையம் பெரியது, எதிர்க் குன்று வரை போகிறது. அதற்குள் வீட்டைச் சூடாக்க எண்ணெய்த் தொட்டி வைத்திருப்பவர் அதைச் சோதித்துச் சான்று வாங்க வேண்டும், கழிவு புதைக்கக் கூடாது என்று ஒரு பட்டியல்.

நடு வளையத்தைத்தான் நான் மறக்க முடியாமல் இருக்கிறேன். அதன் எல்லையை அடிக்கணக்கில் அளக்கவில்லை, நாள் கணக்கில் அளந்திருக்கிறார்கள். அந்த எல்லையில் மண்ணுக்குள் இறங்குகிற ஒரு சொட்டு, பூமிக்குள்ளேயே நடந்து கிணற்றுக்கு வந்துசேர ஐம்பது நாள் ஆகும். அந்த ஐம்பது நாளில் நோய்க்கிருமிகள் பெரும்பாலும் செத்துவிடும் என்பது கணக்கு. அதனால் கோட்டுக்குள் மாட்டுச் சாணக் கரைசல் கொட்டக் கூடாது, மண் தரையில் வண்டி கழுவக் கூடாது, புது வீடு கட்டக் கூடாது. எங்கள் வாடகை வீடு சட்டம் வருவதற்கு முன்பே கட்டியது, அதனால் கோட்டுக்குள் இருக்கிறது. எதிர்வீடு வெளியே.

குடிவந்த புதிதில் இது தெரியாமல் முற்றத்து மண்ணில் நிறுத்தி என் பழைய வேனைக் கழுவினேன். எதிர்வீட்டுக்காரர் தெருவைக் கடந்து வந்தார். கோபப்படவில்லை. நுரை இறங்குகிற தரையைக் காட்டினார், காட்டுப் பக்கம் கையைக் காட்டினார், பிறகு ஒரு டம்ளரை வாய்க்குக் கொண்டுபோவதுபோல் பாவனை செய்தார். எனக்கு அப்போது அந்த மொழியில் பத்து வார்த்தைகூடத் தெரியாது. ஆனாலும் சட்டம் முழுதும் புரிந்துவிட்டது. குழாயை மூடினேன்.  மயிலாப்பூரில் ஒரு வீட்டுக் கிணறு நினைவுக்கு வந்துவிட்டது. அதைப் பற்றி அதுவரை மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

2

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். பிறந்தது அடையாற்றங்கரையில். ஆற்றில் வெள்ளம் வந்தால் வீட்டைப் பிரித்து மேட்டுக்குக் கொண்டுபோவோம், வடிந்ததும் திரும்பக் கொண்டுவந்து கட்டுவோம். அதில் சோகம் ஒன்றும் இல்லை, அப்போது வீடு என்பது அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். தி.நகரில் பாத்திரக் கடையில் மூட்டை இறக்கினேன். கோபாலபுரத்தில் ஒரு பங்களாவில் தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டேன். பிறகு ஏகாம்பரம் மேஸ்திரியிடம் சேர்ந்து குழாய் வேலை கற்றேன். அதற்குப் பிறகு மஸ்கட், அங்கிருந்து சைப்ரஸ், அங்கிருந்து இங்கே. ஓர் ஊரில் மூன்று வருஷம் இருந்தால் எனக்குக் கால் அரிக்கும். இந்த ஊரில் தங்கிவிட்டது மதியின் பள்ளிக்கூடத்தால்.

இங்கே குளிருக்கு வீட்டைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாய் பொருத்துகிற ஒரு சின்ன நிறுவனத்தில் வேலை. என்னிடம் சான்றிதழ் இல்லை. எத்தனை ஆண்டு பயிற்சி, எந்த நிறுவனம், யார் கையெழுத்து என்று கேட்கிற படிவத்தை ஒருமுறை மதி நிரப்ப உட்கார்ந்தாள். "ஏகாம்பரம் மேஸ்திரி, அசோக் நகர்" என்றேன். "அது கம்பெனி பேராப்பா?" என்றாள். படிவத்தை மூடிவைத்துவிட்டோம். ஆகையால் எனக்குக் குழாயைச் சுமக்க உரிமை உண்டு, அளக்க உரிமை உண்டு, இணைக்க உரிமை இல்லை. என்னைவிடச் சின்னப் பையன்கள் இணைப்பார்கள், நான் பிடித்துக்கொள்வேன். முதலில் அவமானமாக இருந்தது. பிறகு ஒருநாள், எனக்கு இது சரியான தண்டனைதான் என்று தோன்றியது. அதற்குப் பிறகு அவமானமாக இல்லை.

3

இருபது வருஷத்துக்கு முந்தைய சென்னைக்கு வருகிறேன். அப்போது மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிச் சட்டம் வந்தது. ஒவ்வொரு வீட்டிலும் மாடியில் விழுகிற மழையைக் குழாய் வழியாக இறக்கி, ஒரு குழிக்குள் விட்டு, மண்ணுக்குக் கொடுக்க வேண்டும். கெடு வைத்திருந்தார்கள். நல்ல சட்டம். வறண்டு கிடந்த கிணறுகள் பலவற்றில் பின்னால் தண்ணீர் ஏறியது, அதை நானே பார்த்தேன். ஆனால் கெடு நெருங்கியபோது நகரத்தில் குழாய் வேலை தெரிந்தவன் ஒவ்வொருவனும் ஒரே நாளில் நாலு வீட்டில் நின்றான்.

அதில் ஒரு வீடு ஸ்டெல்லா டீச்சருடையது. மயிலாப்பூரில், லஸ்ஸிலிருந்து கடற்கரைப் பக்கம் போகிற சின்னத் தெருக்களில் ஒன்று. டீச்சர் கல்யாணம் செய்துகொள்ளாதவர், பள்ளிக்கூடமும் கோவிலும் அவருக்கு உலகம். கோவில் என்றால் அவர்கள் மாதா கோவில். வீட்டின் பின்பக்கம் உறைக்கிணறு. அந்தப் பக்கம் மணல் பூமி, தண்ணீர் இளநீர்போல் இருக்கும். டீச்சர் சுற்றுச்சுவரில் ஓட்டை போட்டுத் தெருப் பக்கம் ஒரு குழாய் வைத்திருந்தார். தண்ணீர் லாரி வராத நாட்களில் தெருவே அதில் பிடித்துக் குடித்தது.

கிணற்றிலிருந்து பன்னிரண்டு அடி தள்ளிக் குழி தோண்டினேன். உடைந்த செங்கல், ஜல்லி, மணல் போட்டேன். மாடியிலிருந்து மழைக் குழாயைப் பின்சுவர் வழியாக இறக்கினேன். அதே சுவரில், ஒரு சாண் தள்ளி, மாடிக் குளியலறையின் கழிவுக் குழாய் இறங்கியது. அதன் அடிப்பகுதி, சாக்கடையைச் சேருகிற இடத்தில் நொறுங்கிப்போயிருந்தது. சரிசெய்ய வேண்டுமென்றால் சிமெண்ட் முற்றத்தை உடைத்துப் பத்தடி நீளம் பள்ளம் எடுக்க வேண்டும். அதற்கு இரண்டு நாள். மறுநாள் கெடு. இன்னும் மூன்று வீடு பாக்கி.

மேஸ்திரி வந்து பார்த்தார். "மச்சி, ஒரு ஒய் ஜாயின்ட் போட்டு அத்தயும் இதுல வுடு. மாடி காலியாதான கீது. மழ முடிஞ்சதும் வந்து மாத்திக்கலாம்."

அவர் சொன்னார், உண்மை. போட்டது நான். இரண்டு குழாயும் சேருகிற இடத்தில் ஒய் வடிவ இணைப்பு வைத்து, பசை தடவி, முறுக்கிச் சேர்த்து, வெளியே தெரியாமல் சிமெண்ட் பூசினேன். குழிமேல் கல் பலகை வைத்து விளிம்பையும் பூசினேன். சோதிக்க வந்த மாநகராட்சி ஆட்கள் மேலே குழாய் இருக்கிறதா, கீழே குழி இருக்கிறதா என்று பார்த்தார்கள். இரண்டும் இருந்தன. டீச்சர் எனக்கு மோர் கொடுத்து, "சுத்தமா செஞ்சிருக்கே, செல்வம்" என்றார்.

மறு மாதம் மாடிக்குக் கைக்குழந்தையோடு ஒரு குடும்பம் குடிவந்தது. மழை முடிந்தது. நாங்கள் மாற்றப் போகவில்லை.

4

டீச்சர் வீட்டை ஒட்டி அடுத்த கட்டடத்தில் பரமசிவம் அண்ணன் மெஸ் வைத்திருந்தார். எட்டு பேர் உட்காரலாம், மற்றவர்கள் நிற்க வேண்டும். அந்தப் பகுதியில் வேலை என்றால் எனக்கு அங்கேதான் சாப்பாடு. ரசத்தை டம்ளரில் வாங்கிக் குடிப்பேன். "டேய், இத்த சோத்துல ஊத்தறதுக்குதான் வெச்சிகீறன், நீ இன்னாடா டீ மாதிரி குடிக்கிற" என்பார். சொல்லிக்கொண்டே இரண்டாவது டம்ளர் ஊற்றுவார்.

கோடைத் தொடக்கத்தில் டீச்சர் ஆள் அனுப்பினார். கிணற்றுத் தண்ணீரில் வாடை. தெருவில் மூன்று வீட்டில் மஞ்சள் காமாலை. அதில் ஒருத்தி பரமசிவம் அண்ணனுடைய மகள். அந்தத் தண்ணீரால்தான் வந்தது என்று எந்த டாக்டரும் எழுதிக் கொடுக்கவில்லை. ஆனால் நான் கிணற்றை எட்டிப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. வாளியில் எடுத்து முகர்ந்தேன். சோப்பும் குழந்தைத் துணியும் கலந்த வாடை. தலை நிமிர்ந்தால் மாடிக் கொடியில் குழந்தையின் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன.

"எங்கிருந்து வருது, செல்வம்?" என்று டீச்சர் கேட்டார்.

நான் சுவரைப் பார்த்தேன். என் பூச்சு இன்னும் புதிதாக இருந்தது. வாய் தானாகச் சொல்லிற்று: "பக்கத்துல மெஸ்ஸு இருக்குதே டீச்சர். பாத்திரம் கழுவற தண்ணி இறங்கலாம்."

ஒரு வாரத்தில் அது பெரிய சண்டை ஆனது. டீச்சர் கத்துகிறவர் இல்லை, எழுதுகிறவர். புகார் எழுதினார். தெரு மெஸ்ஸில் சாப்பிடுவதை நிறுத்தியது. ஒரு சனிக்கிழமை காலை பரமசிவம் அண்ணன் கடையிலிருந்து துணிக்குப் போடுகிற சொட்டு நீலம் ஒரு பாட்டில் வாங்கிவந்து, தெருவையே கூப்பிட்டு நிறுத்தினார். என்னையும் கூப்பிட்டார், வேலை தெரிந்தவன் என்று.

"டீச்சர், நல்லா பாத்துக்கோங்க. இது என் பாத்திரம் கழுவற இடம். பாட்டில் மொத்தமும் ஊத்தறேன். சாயங்காலம் வரிக்கும் உங்க கெணத்துல இறைங்க. ஒரு சொட்டு நீலம் வந்தா நானே கடைய மூடிட்டு போறேன்."

ஊற்றினார். நீலம் கால்வாயில் ஓடித் தெருச் சாக்கடைக்குப் போனது, எல்லாரும் பார்த்தார்கள். கிணற்றில் வாளி வாளியாக இறைத்தோம். மத்தியானம் ஆனது, மாலை ஆனது. தண்ணீர் தெளிவாகவே இருந்தது. டீச்சரின் முகம் மாறியது. பரமசிவம் அண்ணனைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். மன்னிப்புத்தான் கேட்கப்போகிறார் என்று எனக்குத் தோன்றியது. கேட்டுவிட்டால் அடுத்த கேள்வி, பின்னே எங்கிருந்து வருகிறது என்பதுதான்.

நான் டீச்சர் பக்கத்தில் நின்றிருந்தேன். தாழ்ந்த குரலில் சொன்னேன்: "டீச்சர், மணல் சாயத்த வடிகட்டிடும். கிருமிய வடிகட்டாது."

வேலை தெரிந்தவன் சொன்னது. அவர் வாயை மூடிக்கொண்டார்.

மெஸ் இரண்டு மாதத்தில் போய்விட்டது, பெருங்குடிப் பக்கம். அதே சமயம் மாடியில் இருந்த குடும்பமும் வேறு ஊருக்குக் கிளம்பிவிட்டது. மாடி காலி. வாடை குறைந்தது. மெஸ் போனதால்தான் கிணறு தெளிந்தது என்று தெரு முடிவு செய்துகொண்டது. அதற்குள் எனக்கு மஸ்கட்டுக்கு விசா வந்துவிட்டது.

5

சோதனைக்கு வந்தது ஒரு பெண்மணி. என் வயதிருக்கும், ரப்பர் பூட்ஸ், தோளில் பை. நான் பதற்றத்தில் அவரை "நீங்கள்" என்பதற்குப் பதில் "நீ" என்று சொல்லிவிட்டேன். வேலையிடத்தில் எல்லாரும் "நீ"தான், அந்தப் பழக்கம். மதி கண்ணை மூடிக்கொண்டாள். அந்தப் பெண்மணி சிரித்துவிட்டு வேலையைத் தொடங்கினார்.

அவர் பையிலிருந்து எடுத்தது ஒரு சின்னப் புட்டி. உள்ளே ஆரஞ்சு நிறப் பொடி. துளி எடுத்துக் குளியலறைத் தொட்டியில் போட்டுத் தண்ணீரைத் திறக்கச் சொன்னார். தண்ணீர் பட்டதும் பொடி பச்சை ஆனது. கிளிப் பச்சை, கண் கூசுகிற பச்சை. பிறகு தெருவுக்கு இறங்கி இரண்டு இரும்பு மூடிகளைத் தூக்கினார். ஒன்று கழிவு, ஒன்று மழை. மதியும் அவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"வந்துடுச்சுப்பா. கரெக்டான குழாயில வந்துடுச்சு. இங்க வந்து பாருங்க."

நான் வாசல்படியிலேயே நின்றேன்.  இருபது வருஷத்துக்கு மேலாக ஒரு நீல நிறத்தை நினைத்துக்கொண்டிருந்தவன் முன்னால் இந்தப் பச்சை அவ்வளவு சுலபமாக ஓடியது. ஒரு பாட்டில், ஒரு வாளித் தண்ணீர், ஒரு நிமிஷம். அன்றைக்கு நான் பரமசிவம் அண்ணன் கையிலிருந்து பாட்டிலை வாங்கி, மாடி ஏறி, குளியலறையில் ஊற்றியிருந்தால் போதும். குழிமேல் இருந்த பலகையைத் தூக்கினால் தெரிந்திருக்கும்.

அவர் போன பிறகு மதி உற்சாகமாக இருந்தாள். "அந்த லைன்ல இருந்து கிணத்துக்கு வர ஐம்பது நாள்பா. அதுக்குள்ள எல்லாம் செத்துடும். சூப்பர்ல?"

"பன்னண்டு அடி தள்ளி இருந்தா எவ்ளோ நாள் ஆகும்?"

"என்ன மண்ணு?"

"மணல்."

யோசித்தாள். "தெரியல. ஒரு நாளோ ரெண்டு நாளோ. ஏம்பா?"

நான் சொன்னேன். அவளுக்குப் புரிகிற தமிழில், சின்னச் சின்ன வாக்கியமாக. பாதியில் அவள் முகத்தில் இருந்த குழந்தை போய்விட்டது. முடித்ததும், கடிதம் வாசிக்கிற அந்தப் பெரிய குரலில், ஆனால் தமிழிலேயே கேட்டாள்:

"அந்தக் குழாய் இன்னும் அப்படியே இருக்கா?"

நடுவில் ஒருமுறை அம்மாவின் சாவுக்குச் சென்னை போயிருந்தேன். மதிக்குப் பத்து வயதில் அவளைக் கூட்டிக்கொண்டு இன்னொரு முறை போனேன். இரண்டு முறையும் லஸ் வந்ததும் ஆட்டோக்காரரை வேறு தெருவில் திருப்பச் சொன்னேன். அந்தக் குழாய் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டேன் என்பதுதான் சரி.

6

முதலில் மேஸ்திரியைக் கூப்பிட்டேன். வயதாகிவிட்டது, அசோக் நகர் வீட்டில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார்.

"டீச்சர் வூடு ஞாபகம் கீதா மேஸ்திரி? கெணத்தாண்ட நாம ஒய் ஜாயின்ட் போட்டமே."

"நாம இன்னா, நீ போட்ட." சிரித்தார்.

"மழ முடிஞ்சி மாத்தலாம்னு நீதான சொன்ன."

"சொன்னேன். நீ மஸ்கட் பூட்ட. இன்னாத்துக்கு நைனா இப்ப அத்த தோண்டிக்கினு கீற? அவசரத்துல ஊரே பண்ணிச்சி."

"அந்த வூட்ல இப்ப யாரு கீறாங்க?"

"டீச்சர்தான். மாடில வாடகைக்கு ஒரு புருசன் பொண்டாட்டி. குடிக்கறதுக்கு கேன் தண்ணி. குளிக்க, தொவைக்க கெணறு. வெயில் காலத்துல தெருவுக்கு அந்தக் கொழாய இன்னும் தொறந்துதான் வுடறாங்க."

 பரமசிவம் அண்ணனைப் பற்றிக் கேட்டேன்.

"பெருங்குடில கீறாரு. புள்ள ஆபீசுங்களுக்கு டிபன் போடறான், இவரு கல்லால குந்திக்கினு கீறாரு. எப்பனா பாப்பேன். உன்ன கேப்பாரு."

"இன்னா கேப்பாரு?"

"ரசம் குடிக்கிற பைத்தியம் நல்லா கீறானான்னு."

டீச்சரின் நம்பரை வாங்கிக்கொண்டேன். மூன்று நாள் கூப்பிடவில்லை. நாலாம் நாள் மதி நம்பரை அழுத்திப் போனை என் முன்னால் வைத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்தாள்.

"யாரு?" குரல் மெலிந்திருந்தது, அதட்டல் மெலியவில்லை.

"டீச்சர், நான் செல்வம். மழைத்தண்ணிக் குழாய் போட்டேனே."

"செல்வமா? எங்கேப்பா இருக்கே? வெளிநாடு போய்ட்டதா ஏகாம்பரம் சொன்னான். நல்லா இருக்கியா?"

சொன்னேன். இடையில் நிறுத்தினால் திரும்பத் தொடங்க முடியாது என்று தெரியும், அதனால் நிறுத்தாமல் சொன்னேன். 

"இரு. பேனா எடுத்துக்கறேன்."

காத்திருந்தேன்.

"ம். மறுபடி முதல்ல இருந்து சொல்லு. மெதுவா. எந்தச் சுவர், எந்தக் குழாய்?"

மறுபடி சொன்னேன். அவர் எழுதினார். ஒரு இடத்தில், "மணல் சாயத்தை வடிகட்டும்னு சொன்னியே, அது பொய்தானே?" என்று கேட்டார்.

"கொஞ்சம் உண்மை, டீச்சர். ஆனா நான் சொன்னது என் பொய்யைக் காப்பாத்தத்தான்."

"சரி. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வந்து பார்க்கறேன். என்ன வாங்கணும்?"

"சொட்டு நீலம் ஒரு பாட்டில்."



"பரமசிவம் வாங்கினானே, அதேதானே?" என்றார்.

7

ஞாயிற்றுக்கிழமை மாடியில் குடியிருக்கிற பெண் போனைப் பிடித்துக்கொண்டு வீடியோவில் எனக்குக் காட்டினாள். தெரு ஆட்கள் இருவர் கடப்பாரையால் பலகையின் விளிம்பைத் தட்டினார்கள். என் பூச்சு கெட்டியாக இருந்தது, உடைய நேரமானது. டீச்சர் கைத்தடியோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பலகை நகர்ந்ததும் எல்லாரும் மூக்கைப் பொத்தினார்கள். மேலே யாரோ, "ஊத்தறேன்" என்று குரல் கொடுத்தார்கள்.

குழாய் வாயில் முதலில் சாதாரணத் தண்ணீர் வந்தது. பிறகு நீலம். கறுத்த செங்கல் ஜல்லிமேல் விழுந்து, நாலு பக்கமும் பரவி, உள்ளே இறங்கியது.  கிணற்று மேடையில் ஒரு வாளி கவிழ்ந்து கிடந்தது, குழிக்கும் கிணற்றுக்கும் நடுவே பன்னிரண்டு அடிகூட இருக்காது என்று இப்போது தோன்றியது.

டீச்சர் போனைக் கையில் வாங்கினார். முகம் திரை முழுதும் வந்தது.

"மேல் பாத்ரூமை இப்பவே பூட்டறேன். இவங்க கீழே வந்து குளிச்சிக்கட்டும். தெருக் குழாயையும் மூடிட்டேன். தண்ணியைச் சோதிக்கக் கொடுக்கணும்." பிறகு, "செல்வம், அன்னைக்கு அவன் நீலம் ஊத்தினப்ப நீ எங்கே நின்னே?"

"உங்க பக்கத்துல, டீச்சர்."

"ஆமா. என் பக்கத்துல. நான் உன்னைத்தான் நம்பினேன். அவன் கண்ணெதிரே நிரூபிச்சான், அதை நம்பலை. உன் தப்பை நீ பார்த்துக்கோ. என் தப்புக்கு நான் பெருங்குடி போகணும்."

போனார். எழுபதைத் தாண்டிய வயதில், ஆட்டோ பிடித்து, அந்த வாரமே போனார். அது எனக்குத் தெரிந்தது பரமசிவம் அண்ணன் கூப்பிட்டபோது. வேலையிடத்தில் குழாய் ஒன்றைத் தோளில் வைத்திருந்தேன், இறக்கி வைத்துவிட்டு எடுத்தேன்.

"டீச்சரு வந்தாங்க. கல்லாவாண்ட நின்னுகினு, எல்லார் எதிர்லயும் கையெடுத்து கும்புட்டாங்க. நான் ஒரு மாதிரி ஆயிட்டேன். நீ போட்ட கொழாய பத்தியும் சொன்னாங்க."

"அண்ணே."

"அவங்க சொன்னாங்கடா. நீ இன்னும் சொல்லல."

சொன்னேன். மூன்றாவது ஆளிடம். இந்த முறைதான் குரல் உடைந்தது. அவர் மகளின் பெயரை நான் சொன்னதும் அவர் நடுவில் பேசினார்.

"அவ நல்லா கீறா. ரெண்டு புள்ளைங்க. அத்த வுடு. இருவது வருசமா அந்தத் தெரு பக்கம் நான் போனது இல்ல. அங்க ஒரு சாவுக்குக்கூட போவல. போனா பாப்பாங்க இல்ல, தண்ணிய கெடுத்தவன்னு."

"நான் இன்னா செய்யணும், அண்ணே?"

"போன்ல அழுதா சரியா பூடுமா? நீ போட்டத நீயே வந்து கழட்டு. தெரு நின்னு பாக்கட்டும். நானும் வரேன். அன்னிக்கி நீ நின்ன எடத்துல இன்னிக்கி நான் நிக்கறேன்."

போனை வைத்த பிறகு அப்படியே முதலாளியின் அறைக்குப் போனேன். கோடையில் விடுப்புக் கேட்பது இங்கே சுலபம் இல்லை, முன்கூட்டியே எழுதித் தர வேண்டும், திடீரென்று கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். மதி இல்லாமல் நானே சொன்னேன், இருக்கிற வார்த்தைகளை வைத்து. ஊரில் ஒரு வீட்டில் குழாய் இணைப்பு தவறாக இருக்கிறது, அழுக்குத் தண்ணீர் கிணற்றில் கலக்கிறது, போய்க் கழற்ற வேண்டும் என்றேன்.

அவர் நல்ல மனிதர். கணினியில் தேதி பார்த்துக்கொண்டே சிரித்தார்.

"அதற்காகவா அவ்வளவு தூரம்? ஏன், அங்கே குழாய்க்காரன் யாரும் இல்லையா?"

"இருந்தான்" என்றேன்.